நாலு மாத்திரை

மூன்றாவது முறையும் டாக்டரம்மா அதே இரண்டு சீட்டைத்தான் எழுதினார். ஒன்றில் அவளுக்குப் பதினாலு மாத்திரை, காலையும் மாலையும், ஏழு நாள். இன்னொன்றில் அவள் புருஷனுக்கு நாலு மாத்திரை, நாலையும் ஒரே வேளையில். எழுதிக்கொண்டே கேட்டார்.

"போன தடவை உங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு டாக்டர்."

"சாப்பிட்டதைப் பார்த்தீங்களா, சாப்பிட்டேன்னு சொன்னாரா?"

அவள் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். இந்தக் கேள்வி தனக்கே எப்போதோ வந்திருக்க வேண்டாமா என்று முதலில் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"சொன்னாருங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாருங்கம்மா. இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் போற கிருமி. நீங்க மட்டும் சாப்பிட்டா, ஒரு ரூமைப் பெருக்கி குப்பையை அடுத்த ரூமுக்குத் தள்ளிவிட்ட மாதிரிதான். கதவைத் திறந்தா திரும்ப இங்கதான் வரும்."

"காப்பர் டி போட்டதால வந்ததா டாக்டர்? அவர் அதைத்தான் எடுக்கச் சொல்லிட்டே இருக்காரு."

"அது பாவம், அது பாட்டுக்கு அதோட இடத்துல இருக்கு. ஸ்கேன்ல பார்த்தாச்சு, நூலும் சரியா இருக்கு. இந்தக் கிருமிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா இப்படித் திரும்பத் திரும்ப வந்து, வேற ஏதாவது கூடச் சேர்ந்து மேல ஏறிச்சுன்னா, அப்பதான் வம்பு. அப்ப எடுக்க வேண்டி வந்தாலும் வரும்." சீட்டுகளை நீட்டினார். "அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் இல்லாம வராதீங்க."

அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு இல்லை. அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். இந்த ஆஸ்பத்திரியின் இரண்டு லிப்டையும் மாதாமாதம் வந்து பார்க்கிறவனே அவன்தான். வாசல் காவலாளியிலிருந்து வார்டில் தள்ளுவண்டி தள்ளுகிறவர்கள் வரைக்கும் "வாங்க லிப்ட்காரரே" என்பார்கள். உச்சியில் இருக்கும் மெஷின் ரூமிலிருந்து அடியில் இருக்கும் குழி வரைக்கும் அவன் கால் படாத இடம் இந்தக் கட்டடத்தில் இல்லை, மூன்றாவது மாடியில் இந்த அறை வாசலில் போட்டிருக்கிற பெஞ்சைத் தவிர. காப்பர் டி போட வந்த அன்றைக்கே, "நான் அங்க வந்து உட்கார்ந்தா என்ன நினைப்பாங்க? எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்று வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்றுவிட்டான். அவள் தனியாகத்தான் மேலே வந்து போட்டுக்கொண்டு போனாள்.

முடிவெடுத்தது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்துதான். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. இரண்டு போதும் என்பதில் சண்டையே இல்லை. கருத்தடை மாத்திரை அவளுக்கு ஒத்துவரவில்லை. தலைவலி மண்டையைப் பிளந்தது. உறை அவனுக்கு ஒத்துவரவில்லை. அவனுக்குத் தலைவலியெல்லாம் வரவில்லை, சும்மா பிடிக்கவில்லை. கடைசியில், போட்டுவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்று நர்ஸ் சொன்ன இதைப் போட்டுக்கொண்டாள். ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லாத சாமான். இதற்குள்ளா பத்து வருஷம் இருக்கிறது என்று அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் நாலு மாதம் ரத்தம் கொட்டியது. அவள் வேலை செய்கிற இடமோ சலவை ஆலை. ஊரிலுள்ள பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். ஆள் உயர மெஷின்கள் துவைத்துப் பிழிந்து தள்ளியதை, ஈரத்தோடு சூட்டு உருளைக்குள் விட்டால் மறுபக்கம் மொறமொறவென்று வெள்ளையாக வந்து விழும். அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறு, முனையோடு முனை, எதிரே நடந்து வந்து கையில் கொடுத்து, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துப் பின்னால் போக வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஐந்நூறு விரிப்பு. நாள் முழுக்க நின்றபடி, ஆவியில் வெந்தபடி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைத் துணி. அந்த இடத்தில் ஒருத்திக்கு இந்த ரத்தப்போக்கு.

"உலகத்துல எவ்வளவோ வேலை இருக்கு. கரி மூட்டை தூக்கற வேலையா எனக்குக் கிடைச்சிருக்கக் கூடாது?" என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

எதிர்முனையைப் பிடித்திருந்தவள் சிரித்தாள். இவளோடு ஆறு வருஷமாக ஜோடி சேர்ந்து மடிக்கிறவள். ஆலையில் எல்லோருக்கும் அவள் ஜோடியக்கா.

"ஆறு மாசத்துல அடங்கிடும் பாரு. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அப்புறம் ரெண்டு தடவை மாத்திப் போட்டுக்கிட்டேன். என் கூட இருபது வருஷம் ஒழுங்கா இருந்தது அது ஒண்ணுதான். என் வீட்டுக்காரரைக்கூட அப்படிச் சொல்ல முடியாது."

ஜோடியக்கா சொன்னபடியே ஐந்தாவது மாதம் அடங்கியது. அப்பாடா என்று உட்கார்வதற்குள் அவன் ஆரம்பித்தான். ஏதோ குத்துகிறதாம். காப்பர் டி-யின் அடியில் தொங்குகிற நூல். அவள் மறுபடியும் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, மூன்றாவது மாடி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நர்ஸிடம் போய் என் புருஷனுக்குக் குத்துகிறது என்று சொன்னாள்.

"நாள் ஆக ஆக அதுவே மெத்துனு ஆயிடும். உள்ள சுருண்டுக்கும்," என்றாள் நர்ஸ். "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லக் கூடாதா?"

"நீங்க வேணா சொல்லிப் பாருங்க."

நர்ஸ் பெருமூச்சு விட்டு நூலைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டாள். இவளுக்கு நாலு மாதம் ரத்தம், அவனுக்கு ஒரு நூல். எடை போட்டால் இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டாள்.

ஏழாவது மாதம் இது வந்தது. முதலில் அரிப்பு. பிறகு மஞ்சளும் பச்சையுமாகக் கசிவு, வாடை, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். ஆவி அடிக்கிற இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லி விளங்க வைக்க முடியாது. அடிக்கடி கழிவறைக்கு ஓடினாள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள், "உனக்கு உருளைகிட்ட வேலையா, பாத்ரூம்கிட்ட வேலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "ரெண்டு இடமும் நீங்கதானே சார் கட்டி வெச்சிருக்கீங்க" என்று ஜோடியக்கா சொல்லி, இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது.

டாக்டர் பார்த்து, சோதனைக்கு அனுப்பி, கிருமியின் பேரைச் சொன்னார். அந்தப் பேர் அவள் வாயில் நுழையவில்லை. இரண்டு பேரும் சாப்பிட வேண்டும், சாப்பிட்டு ஒரு வாரம் சேரக் கூடாது, ஆண்களுக்குப் பெரும்பாலும் வெளியில் ஒன்றும் தெரியாது என்பது மட்டும் நுழைந்தது. அதை அப்படியே அவனிடம் சொன்னாள். மாத்திரையைக் கொடுத்தாள். மறுநாள் கேட்டாள். "சாப்பிட்டாச்சு" என்றான். ஒரு மாதம் நன்றாக இருந்தது, திரும்ப வந்தது. மறுபடி பதினாலு, மறுபடி நாலு, மறுபடி "சாப்பிட்டாச்சு". அந்த மாத்திரை சாப்பிடுகிற ஏழு நாளும் வாயில் துருப்பிடித்த ஆணியை வைத்துச் சப்புவது போல இருக்கும். சோறு பிடிக்காது, டீ பிடிக்காது, தண்ணீர்கூடக் கசக்கும். அந்த வாயோடு மூன்றாவது முறையும் இப்போது.

சாப்பிட்டதைப் பார்த்தீங்களா, சாப்பிட்டேன்னு சொன்னாரா.

வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் தேட ஆரம்பித்தாள். அலமாரி மேல்தட்டு, சவரப் பெட்டி, குளிர்கால உடுப்பின் பைகள். கடைசியில் வீட்டோடு கிடக்கிற பழைய கருவிப் பெட்டி. திருப்புளிகளுக்கு அடியில் ப்யூஸ் போட்டு வைக்கிற தகர டப்பா இருந்தது. திறந்தாள். நாலு மாத்திரை ஒரு அட்டை, நாலு மாத்திரை இன்னொரு அட்டை. எட்டும் பத்திரமாக, கூடவே மருந்துச் சீட்டும் நாலாய் மடித்து.

தூக்கி எறிந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எடுத்து வைத்திருக்கிறானே.

அவன் ஆறு மணிக்கு வந்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தான். கூடத்தில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி வைத்தால்தான் அவருக்குக் கேட்கும். இரண்டே அறை இருக்கிற அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள அந்தச் சத்தம்தான் கதவு. பிள்ளைகள் இருவரும் கீழ்வீட்டில் விளையாடப் போயிருந்தார்கள். அவள் டப்பாவை அவன் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"ப்யூஸ் டப்பா."

"உள்ள?"

அவன் திறக்கவில்லை. திறக்காமலே பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பிடணும்னுதான் வெச்சிருந்தேன்."

"எப்ப? வேலையில இருந்து ரிடையர் ஆனப்புறமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா. அரிப்பு இல்ல, எரிச்சல் இல்ல. நல்லா இருக்கறவன் எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?"

"வெளிய தெரியாதுன்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியாச்சு? லிப்ட் ஓடிட்டிருக்கும்போதுதானே எண்ணெய் போடறீங்க? நின்னப்புறமா போடறீங்க?"

"லிப்டும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். லிப்டை மாசாமாசம் போய்ப் பார்க்கறீங்க."

அவன் முகம் சுருங்கியது. "எல்லாம் அந்தத் தாமிரத்தைப் போட்டதுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னால உனக்கு இப்படி வந்துச்சா? முதல்ல அதைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வா."

"எறிஞ்சிட்டு வர்றேன். அப்புறம்? நீங்க உறை போடுவீங்களா?"

அவன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"ஆபரேஷன் பண்ணிக்குவீங்களா? அரை மணி நேரம்தானாம், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாமாம்."

"நான் வெயிட் தூக்கறவன்."

"நான் என்ன, இறகா தூக்கறேன்?"

டிவியில் யாரோ கைதட்டினார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். தாழ்த்தத் தேவையே இல்லை.

"இப்ப என்ன சொல்ல வர்ற? நான் எங்கயோ போய் இதை வாங்கிட்டு வந்துட்டேன்னா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குன்னா அதுதானே அர்த்தம்? நான் இதைச் சாப்பிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"எதை ஒத்துக்கிட்ட மாதிரி?"

அவன் டிவியைப் பார்த்தான். அதில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க," என்றாள் அவள். "எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது உங்களைக் கேட்டேனா? எப்ப வந்துச்சுன்னு கேட்டேனா? டாக்டர் சொல்றாங்க, வருஷக்கணக்கா சும்மாவே இருக்குமாம், யாருகிட்ட முதல்ல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாதாம். நான் அதையும் விட்டுட்டேன். முழுங்குங்கன்னு மட்டும்தான் கேட்டேன். நாலே நாலு மாத்திரை. இதுவரைக்கும் நான் இருபத்தெட்டு முழுங்கியிருக்கேன். மாத்திரை, மாத்திரை, மாத்திரைன்னு என் வாழ்க்கையே ஓடுது."

கடைசி வாக்கியத்தில் குரல் உயர்ந்துவிட்டது. மாமனார் மெதுவாகத் திரும்பினார்.

"எனக்கா?" என்றார். "நான் காலையிலயே சாப்பிட்டுட்டேனேம்மா." சந்தேகம் வேண்டாம் என்று சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்து இருவருக்கும் காட்டிவிட்டு, மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் எழுந்து, வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே போய்விட்டான்.

அதன் பிறகு நாலு நாள் அவன் அவள் கண்ணில் படவே இல்லை. அவள் எழுவதற்கு முன் கிளம்பினான். அவள் படுத்த பிறகு வந்தான். ஊரில் இத்தனை லிப்ட் ஒரே வாரத்தில் கெட்டுப்போகுமா என்று அவளுக்குத் தெரியாதா? புது அட்டை நாலு மாத்திரையோடு அவன் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் இருந்தது. தட்டு காலியாகும், அட்டை அப்படியே இருக்கும். அவள் தன் பதினாலில் எட்டை முடித்திருந்தாள். வாயில் ஆணி.

ஆனால் அவன் ஒன்றை மறந்துவிட்டான். எந்த நாள் எந்தக் கட்டடம் என்று கம்பெனி கொடுக்கிற தாள் குளிர்பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருந்தது. ஒட்டியதே அவன்தான். வியாழக்கிழமை: ஆஸ்பத்திரி.

"அரை நாள் லீவுல போறேன்க்கா," என்றாள் ஜோடியக்காவிடம். "சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்றது?"

"வீட்டுல ஒரு லிப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு சொல்றேன். போ."

ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்திலேயே பலகை வைத்திருந்தார்கள்: பராமரிப்பு வேலை, படியில் செல்லவும். ஒவ்வொரு மாடியாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். மூன்றாவது மாடியில் லிப்டின் வெளிக்கதவு திறந்திருந்தது. முன்னால் மஞ்சள் தடுப்பு. உள்ளே இருட்டில் கம்பிக் கயிறுகள் தொங்கிக்கொண்டிருந்தன. லிப்ட் பெட்டியைத் தளத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்திவிட்டு, அதன் கூரை மேல் நின்று கதவின் உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான் அவன். தலையில் தொப்பி, தோளில் வாக்கி டாக்கி. இடுப்புக்கு மேலேதான் வெளியே தெரிந்தது. போக இடமில்லை, மேலே கயிறு, கீழே பெட்டி, முன்னால் அவள்.

அவள் தடுப்புக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம் வந்தது.

"இங்க எதுக்கு வந்தே?" என்றான் அடிக்குரலில். "இது வேலை நேரம்."

"எனக்கும் வேலை நேரம்தான்." கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். நாலு மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்து சாப்பிடறேன்."

"நான் முழிச்சிருக்கும்போது நீங்க வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சு."

"எல்லாரும் பார்க்கறாங்கம்மா."

"பார்க்கட்டும். ஒரு ஆள் மாத்திரை சாப்பிடறதைப் பார்த்து ஆச்சரியப்பட இது என்ன சினிமா கொட்டகையா? ஆஸ்பத்திரிங்க."

அந்த நேரம் பார்த்து, துணிக்கூடையோடு ஒரு ஆயா வந்தாள். "என்ன லிப்ட்காரரே, உடம்பு சரியில்லையா?"

அவன் வெளிறிப்போய் இவளைப் பார்த்தான்.

"தலைவலி," என்றாள் இவள். சொன்ன உடனே, இவனுக்காக இங்கேயும் நான்தான் பொய் சொல்ல வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆயா, "வெயில்ல அலையறாரு, பாவம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. மெஷின் ரூமில் இருக்கும் கூட்டாளியின் குரல். "முடிஞ்சுதா? மேல தூக்கவா?"

"இரு," என்றான் அவன். கையைப் பார்த்தான். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கறுப்பு கிரீஸ். "கை அழுக்கா இருக்கு."

"வாயைத் திறங்க."

திறந்தான். ஒன்று போட்டாள், தண்ணீர் ஊற்றினாள். இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் புரையேறி இருமினான். அவள் காத்திருந்தாள், தலையில் தட்டவில்லை. நாலாவதும் உள்ளே போனதும் சொன்னாள்.

"நாக்கைக் காட்டுங்க."

சின்னவள் மருந்து குடித்துவிட்டுக் காட்டுவது போலக் காட்டினான். அவள் பாட்டிலை மூடினாள். முழங்காலில் கை ஊன்றி எழப் போனாள்.

"கொஞ்சம் இரு," என்றான்.

துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டான், பிரித்தான். "சின்னவ பிறந்தப்போ நீ உங்க அம்மா வீட்டுல மூணு மாசம் இருந்தே இல்ல."

"நாலு மாசம்."

"நாலு மாசம். அப்ப புதுக் கட்டடம் ஒண்ணுக்கு வெளியூர் போயிருந்தேன். அங்க தங்கியிருந்தப்போ ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான். கூட இருந்தவங்க எல்லாம் போனாங்க..." தொண்டையைச் செருமினான். "அதுக்கப்புறம் எதுவும் இல்ல. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் வரல. மறந்தே போயிட்டேன். நீ அந்தச் சீட்டைக் கொண்டுவந்து குடுத்த அன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. சாப்பிட்டா அதுதான்னு ஆயிடுமோன்னு..."

இப்படி ஒரு விஷயம் காதில் விழுந்தால் தான் அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடுவோம் என்றுதான் அவள் எப்போதும் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்றாள். லிப்டுக் குழியின் குளிர்ந்த காற்று கணுக்காலில் பட்டது. எங்கோ கீழே ஒரு குழந்தை அழுதது. நாலு வருஷம். அவள் பிள்ளை பெற்று, தையல் போட்ட இடம் ஆறாமல் ஒருக்களித்துப் படுத்திருந்த நாட்கள். அதற்குப் பிறகு இந்த மாதங்கள். அரிப்பு, வாடை, சூப்பர்வைசரின் கைக்கடிகாரம், பதினாலு, பதினாலு, எட்டு.

"அன்னிக்கே நாலையும் முழுங்கியிருந்தா இது எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும்," என்றாள். "அந்தப் புத்திகூட இல்ல உங்களுக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இறங்கி வாங்க."

"எங்க?"

"டாக்டர்கிட்ட. அவர் இல்லாம வராதீங்கன்னு சொல்லியிருக்காங்க."

"இப்பவா? இந்த உடுப்போடயா?"

அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரம் கழித்து வந்தான். முகம் கழுவியிருந்தான். வயிறும் பிள்ளையுமாக ஏழெட்டுப் பெண்கள் இருந்த அந்தப் பெஞ்சில், கிரீஸ் பட்ட உடுப்போடு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவர் எல்லோரும், "என்ன லிப்ட்காரரே, இங்க" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி தலையாட்டினான். அவள் எதிர்ச்சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தாள். நாலு தடவை படித்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார். அவனும், அவள் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு, "மத்ததுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம். எச்ஐவி, சிபிலிஸ். ரெண்டு பேருக்கும்" என்றார்.

"எனக்கும் எதுக்கு டாக்டர்?" என்றாள். சொல்லி முடிக்கும் முன்னே எதற்கு என்று அவளுக்கே விளங்கிவிட்டது. அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. கோபத்தில் வந்த அழுகை. கையை நீட்டி ரத்தம் கொடுக்கும்போதும் அது நிற்கவில்லை. ரத்தம் எடுத்த பெண், "ஊசி வலிக்குதா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள்.

முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், தலை வாரினாள், பெரியவளுக்கு வாய்ப்பாடு கேட்டாள். அவன் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு, அப்பா பக்கத்தில் போனான்.

"ஏண்டா இங்க படுக்கற?" என்று மாமனார் ஊருக்கே கேட்கக் கேட்டார்.

"உள்ள புழுக்கமா இருக்குப்பா."

"என்னது?"

"புழுக்கம்."

"ஃபேனைப் போட்டுக்கிட்டு உள்ள படுக்க வேண்டியதுதானே."

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

ரத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுநாள் காலை ஆலையில், உருளையிலிருந்து விழுந்த முதல் விரிப்பின் முனையைப் பிடித்தபடி அவள் ஜோடியக்காவிடம் சொன்னாள். சுருக்கமாக, ஆவி இரைச்சலுக்கு நடுவே, எதிரே நடந்து வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியமாக. முழுதும் சொல்ல ஏழு விரிப்பு ஆனது. ஜோடியக்கா இடையில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன பண்ணப் போற?" என்றாள் கடைசியில்.

"மாத்திரையை முடிக்கப் போறேன். இன்னும் ஒண்ணு இருக்கு."

"அப்புறம்?"

"தெரியலைக்கா. அம்மா வீட்டுக்குப் போகலாம்னு ஒரு நிமிஷம் தோணுது. போனா அங்க என்ன சொல்றது? எதுக்கு வந்தேன்னு கேட்டா எங்க இருந்து ஆரம்பிக்கறது, நூல்ல இருந்தா?" அடுத்த விரிப்பு வந்து விழுந்தது. "பிடி அக்கா. விரிப்பு குவிஞ்சுடுச்சு பாரு."

ஜோடியக்கா பிடித்தாள். உதறினார்கள். இவளுடைய முனை சரியாக வரவில்லை. இன்னொரு தடவை உதறினார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் நாளைக் குறித்து வைத்திருந்து, அவள் சொல்வதற்கு முன் லீவு போட்டான். இந்தத் தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தான். அந்த மூன்று மாதத்தில் அரிப்பும் கசிவும் திரும்ப வரவில்லை. அவள் அவனோடு பேச ஆரம்பித்திருந்தாள். பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், மாமனாரின் கண்ணாடி, இப்படி. பாய் இன்னும் கூடத்தில்தான் இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "சுத்தமா போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. இனிமே தடை இல்ல, நீங்க சேர்ந்து இருக்கலாம்."

"ரொம்ப நன்றிங்க டாக்டர்," என்றான் அவன், கொஞ்சம் வேகமாகவே.

"தடை இருக்கா இல்லையான்னு நான் சொல்றேன் டாக்டர்," என்றாள் அவள்.

டாக்டர் இருவரையும் ஒரு கணம் பார்த்தார். "சரி. நீங்களே சொல்லுங்க," என்றார். "காப்பர் டி எடுக்கணும்னு கேட்டீங்களே முன்னால?"

"அது இருக்கட்டும். அது மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல."

வெளியே வந்ததும் அவன் பழக்கத்தில் லிப்ட் பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லாமல் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

"வா," என்றான்.

"நீங்க போங்க. நான் படியில வர்றேன்."

அவன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு விட்டுவிட்டு அவள் பின்னால் இறங்கி வந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேட்டான்.

"எப்ப சொல்லுவே?"

"தெரியும்போது சொல்றேன். தெரியாமலே போனாலும் போகும். அது வரைக்கும் கேக்காதீங்க."

கீழே வந்து சேரும் வரை அவன் கேட்கவில்லை. வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியபோது ஒருமுறை வாயைத் திறந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடிக்கொண்டான். அவள் பின்னால் ஏறி, கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஷிப்ட் தொடங்க இருபது நிமிஷம்தான் இருந்தது.

"போங்க," என்றாள். "நேரமாச்சு."